வலது சீட்டுக்கும் ஒரு பிரேக்

இன்று வாலாஜாபாத்தில், டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஓஸ் குழாய் போட்டுத் தரும் கடைக்குப் போனேன். வீட்டுக் கொட்டகையில் நான் கட்டிவரும் குட்டி விமானத்துக்கு பிரேக் லைன் வேண்டும்.

என் வரைபடத்தைப் பார்த்த கடைக்காரர், "ரெண்டு சீட்டு கீது. ஓட்டுற உங்களுக்கு மட்டும் பிரேக் போதாதா சார்?" என்றார்.

"பக்கத்துல குந்துறவங்களுக்கும் வேணும்ணே."

"வாணாம் சார். எங்க வூட்டம்மா கார்ல சும்மாவே காலை அமுக்கிக்கினு வரும். நெஜ பிரேக் குடுத்தா வண்டி நகராது!" சிரித்துவிட்டுக் கேட்டார். "ஆமா, உங்க பக்கத்துல யாரு குந்தப் போறது?"

இரண்டு பக்கத்துக்கும் அளவு கொடுத்தேன்.

உத்திரமேரூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஓஸ் வைத்த பை உட்கார்ந்து வந்தது.

பயந்து காலை அமுக்குகிறவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். என் வலது சீட்டில் உங்கள் பிரேக் நிஜமாகவே பிடிக்கும்.