ஈரலுக்கு ஒரு புத்தூர் கட்டு

போன வாரம் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இல்லை, பயப்படாதீர்கள்! நகரியில் விசைத்தறி ஓட்டும் சிநேகிதர் முனிரத்தினத்துக்குத் துணை. ஈரலில் கேன்சர் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி மூன்று வருஷம். திரும்ப வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

அவரை அந்த ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்தது இருக்கிறதே... அது பெரிய கதை.

எங்கள் பக்கத்தில் கை கால் முறிந்தால் நேராகப் புத்தூர்தான். மூங்கில் பத்தை, துணி, ஒரு கட்டு — வீட்டுக்கு வந்துவிடலாம். கத்தி என்ற பேச்சே கிடையாது. முனிரத்தினத்தின் காலே அப்படிக் கூடியதுதான். அதனால், கட்டி இருக்கும் பகுதியை வெட்டி எடுக்கணும் என்று சர்ஜன் அம்மா சொன்னதும் மனுஷன் கேட்டாரே ஒரு கேள்வி...

"எலும்புக்கே கத்தி வாணாம்னு கட்டு போட்டு அனுப்புறாங்க. மெத்துனு கீற ஈரலுக்கு எதுக்கு மேடம் கத்தி?"

எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, கட்டு போட்டாங்க. உள்ளே எலும்பைக் கூட்டினது யாரு?"

"அதுவாதான் கூடிக்கினுச்சு."

"ஈரலும் அப்படித்தான் அண்ணா. மிச்சம் விடறது அதுவா வளரும். உங்க ஈரலுக்கு அந்தத் தெம்பு இருக்கு. ஆனா கட்டி அதுவா போகாது. அதை நான்தான் எடுக்கணும்."

திரும்ப வராதா என்று கேட்டார் அவர் மனைவி கஸ்தூரி. வரலாம், அதனால்தான் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கணும் என்றார் டாக்டர். பொய்த் தைரியம் எதுவும் சொல்லவில்லை. ஒருவருடைய நம்பிக்கையைக் கேலி செய்யாமல், அதற்குள்ளேயே வழி கண்டுபிடிக்க எத்தனை பேருக்கு வரும்? முனிரத்தினம் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிழைத்தும் பயம் மட்டும் போகவில்லை. ஸ்கேன் தேதி நெருங்கினால் தறியில் நெய்வதற்கான புதுப் பாவு நூலை ஏற்ற மாட்டார். பாதியில் நான் போய்விட்டால் யார் நெய்து முடிப்பது என்பார். ரிசல்ட் வரும்வரை தறி சும்மாவே கிடக்கும்.

போன வாரமும் அவர் உள்ளே போனதும் கஸ்தூரியிடம் சொன்னேன், ரிசல்ட் நல்லபடியாக வரட்டும், நாளைக்கே பாவு ஏற்றிவிடலாம் என்று.

"அது நேத்தே ஏத்தியாச்சுண்ணா. ரிசல்ட் வரட்டுமேன்னேன். அது வர்றப்போ வரட்டும், தறி ஓடட்டும்னுட்டாரு."

ரிப்போர்ட் மதியம் நல்லபடியாகவே வந்தது. அதற்குள் நான் ஸ்வீட் வாங்கி முடித்திருந்தேன்!