நடுவில் வைத்த ரூட்டர்

சந்தனச்செல்வி மாப்பிள்ளையூரணியிலிருந்து தினமும் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருக்கும் அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போவாள். கப்பல் சரக்கு ஆவணங்களைக் கையாளும் கம்பெனி அது. சென்னையில் இருந்த மெயின்பிரேம் என்ற ஒரே பெரிய கணினிக்குள் நாற்பது லினக்ஸ் சர்வர்கள் தனித்தனிக் கணினிகள் போல ஓடின. அவற்றை இங்கிருந்தே பார்த்துக்கொள்வது அவள் வேலை.

அந்த நாற்பதும் வெளியே பேசுவதற்கான வழியை அமைத்தவளும் அவள்தான். ஒரு லினக்ஸ் சர்வரை ரூட்டராக நடுவில் வைத்து, எல்லாவற்றின் போக்குவரத்தையும் அதன் வழியே விட்டிருந்தாள். சேர்ந்த புதிதில் தனியாகச் செய்து முடித்தது. அதில் அவளுக்குப் பெருமை.

உடன் வேலை பார்த்த காயல்பட்டினத்து ஹுதைஃபா, சவூதியில் இதே வேலை செய்துவிட்டு வந்தவன். ரூட்டரை எடுத்துவிட்டு, மெயின்பிரேமுக்குள்ளேயே மென்பொருளாக இயங்கி சர்வர்களை இணைக்கும் விர்ச்சுவல் ஸ்விட்ச் போடலாம் என்றான். அதை இரண்டு நெட்வொர்க் கார்டுகளோடு இணைத்தால், ஒன்று போனாலும் மற்றது தானே ஏற்றுக்கொள்ளும்.

"இப்ப அந்த ஒண்ணு நின்னா எல்லாம் நின்னுருமேக்கா."

"ஆறு வருசமா ஓடிக்கிட்டுத்தான இருக்கு தம்பி. இப்ப என்னத்துக்கு அதத் தொடணும்?"

அவன் எழுதித் தந்த நான்கு பக்கத் திட்டத்தை அவள் மேலே அனுப்பவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரூட்டர் உறைந்து நின்றது. முந்தின நாள் அதில் அப்டேட் போட்டவள் சந்தனச்செல்வி. நின்றபோது பணியில் இருந்தவன் ஹுதைஃபா. மதியம் வரை எந்த சர்வரும் கிடைக்கவில்லை. அனுமதிச் சீட்டு வராமல் துறைமுக வாசலில் லாரிகள் வரிசைகட்டின.

"டியூட்டில யாரு இருந்தது?" என்று கூட்டத்தில் கேட்டார் மேலாளர் சங்கரலிங்கம்.

"நான்தான் சார்," என்ற ஹுதைஃபா ஒருமுறை அவளைப் பார்த்தான். அவள் நோட்டில் ஏதோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

தவறுக்குப் பொறுப்பு என்று அறிக்கையில் அவன் பெயர் ஏறியது. இரண்டே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு மறுபடி சவூதிக்கே, தம்மாம் நகருக்குப் போனான். மகள் ஆமிரா வளர்வதைக் கூட இருந்து பார்க்கத்தான் ஊருக்கே திரும்பி வந்தேன் என்று ஒருநாள் சாப்பிடும்போது அவளிடம் சொல்லியிருந்தான்.

அவன் போனபிறகு, அந்த நான்கு பக்கத்தைப் பார்த்துத்தான் விர்ச்சுவல் ஸ்விட்சை அமைத்தாள். சோதனைக்காக ஒரு கார்டை நிறுத்தினாள். ஒரு சர்வர்கூடத் தடுமாறவில்லை. உடனே எழுந்துபோய் சங்கரலிங்கத்திடம் தான் போட்ட அப்டேட்டையும் அனுப்பாமல் வைத்திருந்த திட்டத்தையும் சொன்னாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாம்மா," என்றார் அவர். அறிக்கையைத் திருத்திக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் அன்று ஹுதைஃபாவுக்குப் போன் செய்தாள்.

"அன்னைக்கு நான் வாயத் தொறந்திருக்கணும் தம்பி. உங்க திட்டப்படிதான் இப்ப மாத்தியிருக்கேன்."

"ரெண்டு கார்டோட கேபிளும் வேற வேற ஸ்விட்ச் பெட்டிக்குத்தானக்கா போவுது? ஒரே பெட்டின்னா அது நின்னா மறுபடி எல்லாம் நின்னுரும்," என்று கேட்டான்.

"ஆமா தம்பி."

"அப்பச் சரிக்கா."

அவன் போனை வைத்தான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.