பெட்டிக்குள் போன செய்தி

எங்கள் லாண்டரி மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மெசேஜ்’. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உருளை மெஷினில் தேய்த்து அனுப்புகிற இடம் அது. மனிதர் கண்ணாடி அறையை விட்டு எழுந்து வரமாட்டார். தண்ணீர் வராது என்றாலும் போனில் குரூப்பில் போடுவார், கதவைச் சாத்துங்கள் என்றாலும் குரூப்பில் போடுவார். ஒருநாள் அந்த அறைக்குள்ளேயே என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே, வழிவிடச் சொல்லி எனக்கு மெசேஜ் அனுப்பினார். சத்தியமாக.

வீட்டிலும் அப்படித்தான். தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது வாழ்த்துப் படம் அனுப்பியதோடு சரி. தங்கை வீடு நாலு தெரு தள்ளி. அவள் புருஷன்தான் எங்கள் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர்.

பிட்டர் முன்பெல்லாம் ஒரு மெஷினில் கை வைக்கும் முன், அதை ஓட்டுகிறவளிடம் போய் நேரே சொல்லுவார், தான் வந்து சொல்லும்வரை தொடாதே என்று. அவள் தலையாட்டினால்தான் வேலையைத் தொடங்குவார். மெஷின் இரைச்சலில் அதுதான் சரிப்பட்டது. மெசேஜுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்தில் ஆதாரம் வேண்டும், நிறுத்தச் சொல்வது தன் வழியாகத்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். மச்சானோடு வம்பெதற்கு என்று பிட்டரும் விட்டுவிட்டார்.

அடுத்த மாதம் இன்னோர் உத்தரவு. வேலை நேரத்தில் எல்லோரும் போனையே பார்க்கிறோமாம். இனி எல்லாப் போனும் தகரப் பெட்டிக்குள். பெட்டி அவர் மேஜைக்கு அடியில், சாவி அவர் சட்டைப் பையில். இரண்டு உத்தரவையும் சேர்த்து வைத்து யோசிக்க எங்களில் ஒருவருக்கும் புத்தி வரவில்லை. எனக்கும்தான்.

அன்று காலை பிட்டர் கண்ணாடி அறை வாசலில் நின்று, மூன்றாம் மெஷினில் சங்கிலி மாற்றப் போவதாகச் சொன்னார். “சொல்லிடறேன் மச்சான்” என்றார் மெசேஜ். குரூப்பில் போட்டார். மேஜைக்கு அடியில் பெட்டி கடகடவென்று அதிர்ந்தது. பக்கத்து மேஜையில் ரசீது எழுதிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டதாம். பிறகு அவரே சொன்னார்.

அங்கிருந்து மூன்றாம் மெஷினுக்கு முப்பது தப்படி இருக்கும். ஈர விரிப்புகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தவள் வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினாள். பிட்டர் பின்பக்கம் குனிந்திருந்தது அவளுக்குத் தெரியாது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. இதில் அவளைக் குறை சொல்கிறவன் என் முன்னால் வராமல் இருப்பது நல்லது.

பிட்டரை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். தங்கைக்குச் சொல்ல வேண்டும். மெசேஜ் போனை எடுத்தார். தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார், அழித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எந்திரிங்க சார். போய் நேர்ல சொல்லுங்க.”

எழுந்தார். நானும் கூடப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். உயிருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே என்று தொடங்குவதாக முடிவு செய்தார்.

குழந்தையை இடுப்பில் வைத்தபடி அவள் கதவைத் திறந்தாள். வாசலில் அண்ணன். அவர் இன்னும் வாயையே திறக்கவில்லை, அதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“நீயே நேர்ல வந்திருக்கியே அண்ணே” என்றாள். “அவருக்கு என்ன ஆச்சு?”