முத்தழகு அக்காவின் வத்தல்

ஜெராக்ஸ் மிஷினின் கண்ணாடியை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் முத்தழகு அக்கா தன் ஆதார் அட்டையை அதன்மேல் வைப்பார். நான் அப்போதுதான் துடைத்திருப்பேன். சொன்னாலும் கேட்கமாட்டார். "நீ தொடச்சது ஒனக்கு, நான் தொடைக்கிறது எனக்கு" என்பார். அந்த முந்தானையில் இருக்கும் மிளகாய் நெடி முதலில் கண்ணாடிக்கு ஏறும், பிறகு எனக்கு ஏறும். திங்கட்கிழமை காலையில் நான் தொடர்ந்து நான்கு தும்மல் போட்டால், பக்கத்து டீக்கடை பாக்கர் அண்ணன், "நயினார்கோவில் பஸ்ஸு வந்துருச்சு போல" என்று சிரிப்பார். அக்கா வருவது அந்தப் பஸ்ஸில்தான்.

ராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறேன். மனு எழுதித் தருவேன், ஆன்லைனில் ஏற்றித் தருவேன். மூன்று வருடத்தில் அக்காவுக்கு மட்டும் பன்னிரண்டு மனு ஏற்றியிருக்கிறேன். எல்லாம் ஒரே ஒரு மிஷினுக்காக. மிளகாய் அரைக்கும் மிஷின் வாங்க, பெண்கள் சிறுதொழில் தொடங்குவதற்குத் தருகிற மானியம் வேண்டும். முதல் பதினொன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தன.

அக்காவும் அவர் வீட்டுக்காரர் முனியசாமியும் மானாவாரி நிலத்தில் குண்டு மிளகாய் போடுகிறவர்கள். விளைந்ததை வியாபாரியிடம் தள்ளிவிடாமல், காய வைத்துப் பொடியாக்கிப் பெரியபட்டினம் வரை பஸ்ஸில் தூக்கிப் போய் விற்பவர் அக்கா. அங்கே கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் ஹமீதா பானு, அக்காவின் பொடி வராமல் மீன் ஆணம் என்கிற குழம்புக்கு அடுப்பே பற்றவைக்க மாட்டாராம். கோளாறு எல்லாம் டவுன் மில்லில் அரைப்பதால் வருவது.

"எனக்கு முன்னாடி எவளாச்சும் மல்லி அரைச்சுட்டுப் போயிருப்பா. எம்பொடியில மல்லி மணக்கும். போன கல்யாணத்துக்குக் குடுத்தத ஹமீதாம்மா மோந்து பாத்துட்டுத் திருப்பி விட்டாக. இன்னொருக்கா இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிருவேன்னுட்டாக. அவுக போனா எனக்கு யாரு இருக்கா?"

மானியம் தேடுவது அக்காவுக்கு இரண்டாவது வெள்ளாமை. வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் 'மகளிர்' என்று இருந்தால் போதும், எண்ணெயோடு கொண்டுவந்து என் மேஜையில் விரித்துவிடுவார். பாதி நேரம் அது அழகுநிலைய விளம்பரமாக இருக்கும். ஒரு வங்கியில், லோன் வாங்கினால்தான் மானியம் என்றார்கள். "லோன நீங்களே வச்சுக்கங்க சார், மானியத்த மட்டும் குடுங்க" என்று கேட்டுவிட்டு வந்தார். ஓர் அலுவலகத்தில், ஏற்கெனவே பொடி விற்பதால் இது புதுத் தொழில் இல்லை என்று தள்ளினார்கள். அடுத்ததில், கடையும் போர்டும் இல்லாததால் இது தொழிலே இல்லை என்றார்கள்.

"ஒரு ஆபீஸுல பொறந்துட்டேன். இன்னொரு ஆபீஸுல இன்னும் பொறக்கவேயில்ல" என்று சொல்லி அக்கா சிரித்தார். எனக்கு அலுவலகத்தின் மேலும் ஆத்திரம் வந்தது, அந்தச் சிரிப்பின் மேலும் வந்தது.

பன்னிரண்டாவது மனு போன மாதம் போட்டது. கடன் இல்லாத முழு மானியம், ஆனால் நாற்பத்தைந்து வயது வரைதான். வருகிற வெள்ளிக்கிழமையோடு அக்காவுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. இது தவறினால் பிறகு எந்தக் காகிதத்தில் 'மகளிர்' என்று இருந்தாலும் பயன் இல்லை. அதிசயமாக நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நேற்று காலை கஞ்சி போட்ட சேலையில் வந்து, கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துவிட்டு, எதிரே இருக்கும் அலுவலகத்துக்குள் போனார்.

நாலு மணிக்கு வெளியே வந்தவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அப்பளம், வத்தல், வடகத்துக்கெல்லாம் ஆளு நெறஞ்சுபோச்சாம். மெட்ராஸுல இருந்து வந்த ஆபீஸரு, 'வெண்டக்கா வத்தலா, சுண்டக்கா வத்தலா'ன்னு கேக்குறாரு. வத்தல்னா வத்தல்தேன் சார்ன்னேன். எதோட வத்தல்ங்கிறாரு. அரிசின்னா எதோட அரிசின்னு கேப்பாகளாத்தா?"

'தொழில் விவரம்' என்ற கட்டத்தில் 'வத்தல் தொழில்' என்று அடித்தது நான். எங்கள் பக்கத்தில் கடையில் போய் வத்தல் என்றால் காய்ந்த மிளகாயைத்தான் நிறுத்துக் கொடுப்பார்கள். வெண்டைக்காயும் சுண்டைக்காயும்தான் முன்னால் பெயர் சொல்லிக்கொண்டு வரவேண்டும். சென்னையில் அது தலைகீழ் என்று பட்டம் படித்த எனக்கு ஏன் உறைக்கவில்லை? எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

"அஞ்சு மணிக்குள்ள திருத்திக் குடுத்தா மசாலாப் பொடியில ஒரு எடம் கெடக்காம்" என்றார் அக்கா.

அவசரமாக 'மிளகாய்த் தூள்' என்று அடித்தேன். அக்கா திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினார்.

"மொளகான்னா செடியில நிக்கிற பச்ச. நான் பச்சையவா அரைக்கிறேன்?"

அதை அழித்து 'மிளகாய் வத்தல் பொடி' என்று போட்டேன்.

"மறுக்க வத்தல் வருதே உமா. மோருல ஊறப்போட்ட மொளகான்னு நெனச்சாருன்னா?"

"வேற எதத்தான்க்கா போடச் சொல்றீக? மணி நாலே முக்கா!" கத்தியே விட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, அதையே எடு" என்றார்.

பிரிண்ட் எடுத்து அடுக்கி ஸ்டேப்ளரைத் தேடினேன். அது அக்கா கையில் இருந்தது. கட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு குண்டு மிளகாயை எடுத்தார். நன்றாகக் காய்ந்தது. காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே விதை கிலுகிலுக்கிறதா என்று கேட்டார். பிறகு அதை 'வத்தல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, காம்பைக் குறிபார்த்து ஓங்கி ஒரு பின் அடித்தார். தாளை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டு ரோட்டைக் கடந்தார்.