தொண்டாமுத்தூர் டிக் டிக்

ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கும் தொழிலில் ஸ்பீக்கரைப் பற்றி யாரும் சந்தேகம் கேட்பதில்லை. சந்தேகமெல்லாம் ஒயரைப் பற்றித்தான். டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் சத்தத்தைக் கொண்டுபோக மூன்று வழி இருக்கிறது. சிவப்பு வெளிச்சமாகக் கொண்டுபோகும் ஆப்டிகல், செம்புக் கம்பியில் மின்சாரமாகக் கொண்டுபோகும் கோஆக்சியல், படத்தையும் சத்தத்தையும் சேர்த்தே சுமக்கும் எச்டிஎம்ஐ. டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, எது எதில் போகும் என்று முழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால்தான் உங்களிடம் தைரியமாகச் சொல்கிறேன்.

என் கடை பீளமேட்டில். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஏணி ஏறுவதும் சுவரில் ஓட்டை போடுவதும் என்னோடு வேலை பார்க்கும் பஷீர் பாய். படத்தைத் தவிர வேறு எதுவும் காதில் விழக் கூடாது, அதுதான் நல்ல ஒயர் என்று பல வருடமாக எல்லோரிடமும் அடித்துச் சொல்லி வந்தேன். அந்தக் கொள்கைதான் கடைசியில் தொண்டாமுத்தூரில் ஒரு வாழைத் தோட்டத்துக்குள் யானையை விட்டது. அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

மூடி

பீளமேட்டிலேயே ஓர் அடுக்குமாடி வீடு. கணவன் மனைவி இருவருக்கும் ஐடி வேலை. புது ஆப்டிகல் ஒயர் வாங்கி மாட்டி ஒரு வாரமாகியும் சத்தம் வரவில்லை என்று கணவர் போன் செய்தார். அந்த ஒரு வாரத்தில் அவர் டிவியின் சாஃப்ட்வேரைப் புதுப்பித்திருந்தார். ஆம்ப்பில் இருந்த செட்டிங்கை எல்லாம் அழித்து மறுபடி போட்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்களிடம் இணையத்தில் சந்தேகம் கேட்டு, வந்த பதில்களைப் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்தார்.

நான் ஒயரை உருவி முனையைப் பார்த்தேன். தூசி படாமல் இருக்க கம்பெனியில் போட்டு அனுப்பும் குட்டி பிளாஸ்டிக் மூடி இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. நகத்தால் கழற்றிச் சொருகியதும் பாட்டு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் மனைவி கேட்டார்: "ஏனுங்க, இந்த ஒரு வாரமும் பேனா மூடியைக் கழட்டாமத்தான் பரீட்சை எழுதிட்டு இருந்தீங்களா?"

ஒறம்பரைக்காக ஒரு வெளிச்சம்

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர் புது வீடு கட்டி, ஹாலின் ஒரு கோடியில் டிவியையும் மறு கோடியில் ஆம்ப்பையும் வைத்திருந்தார். நடுவில் ஆப்டிகல் ஒயர். அது கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று ஆசாரி சுவர் மூலையில் நன்றாக மடக்கிக் கிளிப் அடித்திருந்தார். ஆப்டிகலுக்குள் இருப்பது கண்ணாடி மாதிரி மெல்லிய இழை. வளைத்தால் பொறுத்துக்கொள்ளும், மடக்கினால் ஒடிந்துவிடும். ஒடிந்திருந்தது.

இவ்வளவு தூரத்துக்குக் கோஆக்சியல்தான் சரி, மூலையில் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி அதை மாட்டினேன். சத்தம் ஜோராக வந்தது. ஆனால் அவருக்கு முகம் தெளியவில்லை. குடி போன அன்றைக்கு வந்த ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், எல்லோரிடமும் வெளிச்சத்தில் பாட்டு வரும் என்று சொல்லியிருக்கிறார். பழைய ஒயரில் டிவிப் பக்கம் ஒரு முழம் துண்டை விட்டுவைக்கச் சொன்னார். அதன் வெட்டு முனை குங்குமப் பொட்டு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். "எரியறது எரியட்டுங்க அம்மணி. பாட்டு அதுல வருதா இதுல வருதான்னு ஒறம்பரைக்கு என்னத்துக்குங்க தெரியோணும்?"

மூன்று ஒயர், ஒரே மழை

இதற்குப் பிறகு எனக்கே ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. உண்மையிலேயே காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மழை பெய்யும் ஒரே காட்சியை மூன்று ஒயரிலும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டேன். ஒயரை மாற்றுவது பாய் வேலை. இது ஆப்டிகல், மழை ஈரமாகக் கேட்கிறது என்றேன். அடுத்தது கோஆக்சியல். இது எச்டிஎம்ஐ, இடி ஆழமாக இருக்கிறது என்றேன். அவர் இன்னும் ஒயரை மாற்றவே இல்லையாம்.

புதுசு புதுசாக வரும் பெரிய ஒலி வகைகளுக்கு எச்டிஎம்ஐ வேண்டும். டிவிக்கும் ஆம்ப்புக்கும் ஒரே ரிமோட் போதும். அதை மறுக்கவில்லை. மற்றபடி, தினமும் வீட்டில் போடுகிற படத்துக்கு மூன்றும் ஒன்றுதான் என்று மத்தியானம் தாண்டித்தான் ஒத்துக்கொண்டேன். பசியில் இருந்த பஷீர் பாய் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "காலையிலயே என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா, பிரியாணியாவது சூடா கெடச்சிருக்கும்."

பல்லி

தொண்டாமுத்தூரில் மலையை ஒட்டிச் சென்னியப்பனின் தோட்டம். தென்னை கொஞ்சம், மீதி எல்லாம் வாழை. அவர் வீட்டு ஹோம் தியேட்டரில் எது போட்டாலும் கூடவே டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். அவர் மனைவி ருக்மணியக்காதான் போன் செய்தார். சீரியலில் யார் அழுதாலும் நடுவில் டிக் விழுகிறது என்றார்.

இந்த மாதிரி சத்தம் என்றால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். ஃபிரிட்ஜை அணைத்தோம், டிக். இன்வெர்ட்டரை அணைத்தோம், டிக். கிணற்று மோட்டாரையும் நிறுத்திப் பார்த்தோம். அது பாட்டுக்கு டிக். கடைசியில் பின்பக்கம் போயிருந்த பாய் என்னைக் கூப்பிட்டார். யானை வராமல் இருக்கப் போட்ட சோலார் வேலியின் பெட்டி பின்சுவரில் இருந்தது. அது வேலிக்கு விட்டு விட்டு மின்சாரம் அனுப்பும். ஒவ்வொரு முறையும் அதில் ஒரு சின்ன விளக்கு மின்னும். விளக்கு மின்னும் நேரமும் உள்ளே டிக் விழும் நேரமும் ஒன்று. பெட்டியிலிருந்து வேலிக்குப் போகும் ஒயரையும் மாடியிலிருந்து இறங்கும் டிஷ் ஒயரையும் சென்னியப்பன் அழகாகச் சேர்த்து வாழை நாரால் கட்டியிருந்தார். வேலியின் துடிப்பு டிஷ் ஒயரில் தொற்றி, டிவிக்கு வந்து, கோஆக்சியல் வழியாக ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்தது.

கட்டைப் பிரிக்கலாமா என்றேன். யானை இறங்குகிற சமயம், வேலி ஒயரில் கை வைக்க வேண்டாம் என்றார் சென்னியப்பன். சரி என்று கோஆக்சியலை உருவிவிட்டு ஆப்டிகலை மாட்டினேன். வெளிச்சத்தில் மின்சாரம் ஏற முடியாதே. டிக் நின்றுவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னியப்பன் மட்டும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை நான் கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. ருக்மணியக்கா காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்: "இத்தன நாளா ஊட்டுக்குள்ள ஒரு பல்லி குடியிருந்த மாதிரி இருந்துச்சுங்க அம்மணி. இன்னிக்குத்தான் தொலைஞ்சுது."

சத்தம் நின்ற பிறகு

பத்து நாள் இருக்கும். காலையில் கடை திறக்கும்போதே சென்னியப்பனிடமிருந்து போன். சத்தத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

விடியக்காலையில் வாழைக்குத் தண்ணீர் திருப்பப் போயிருக்கிறார். வாய்க்காலில் குனிந்து மண்வெட்டியை வைக்கும்போது வாழை ஒடியும் சத்தம். நிமிர்ந்தால் நாலு வரிசை தள்ளி யானை. மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வந்து வீட்டுக்குள் ஏறியிருக்கிறார். வேலிப் பெட்டியின் பேட்டரி முனை களிம்பு பிடித்துக் கழன்று கிடந்ததாம். எத்தனை நாளாக வேலி செத்துக் கிடந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

முன்பெல்லாம் தெரிந்திருக்கும். ஆம்ப்பை அவர் அணைப்பதே இல்லை. ஹாலில்தான் படுப்பார், டிக் கேட்டால் வேலி உயிரோடு இருக்கிறது, கேட்காவிட்டால் எழுந்து போய்ப் பெட்டியைப் பார்ப்பார். ரொம்ப நாளாக அவர் அந்தத் தோட்டத்தைக் காதாலேயே காவல் காத்திருக்கிறார். நான் போய் அந்தக் காதை அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ அத்தன சந்தோசமா காப்பி கொண்டுட்டு வந்தாளுங்க. அத எப்படிங்க கெடுக்கறது?"

சொருகலும் உருவலும்

அன்று மத்தியானமே பாயும் நானும் தொண்டாமுத்தூர் போனோம். இரண்டு வரிசை வாழை தரையோடு கிடந்தது. எல்லாம் குலை தள்ளியவை. ருக்மணியக்கா என்னைப் பார்த்ததும் நிலைமை புரிந்தவர் போல, பல்லியைத் துரத்தச் சொன்னதே தான்தான் என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வேலி நின்றால் கத்துகிற மாதிரி ஒரு மணி வைத்துத் தருகிறேன் என்றார் பாய். சென்னியப்பன் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். மணி அடிக்காமல் இருந்தால் வேலி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா, மணியே கெட்டுப்போனது என்று அர்த்தமா? பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் படித்த படிப்பில் இப்படி யாரும் கேட்டதில்லை. சத்தம் கேட்கிறவரை எல்லாம் சரி என்பதுதான் சென்னியப்பனின் கணக்கு, அது சரியான கணக்கு.

அதனால் ஆப்டிகலை அப்படியே விட்டு, பழைய கோஆக்சியலையும் பக்கத்தில் மாட்டினேன். ஆனால் செம்பு சொருகியிருந்தால் எந்த ஒயரில் படம் பார்த்தாலும் டிக் உள்ளே வந்துவிடும். ஆகவே, சீரியல் ஆரம்பிக்கும்போது ருக்மணியக்கா அதை உருவிவிடுவார். முடிந்ததும் சென்னியப்பன் சொருகிவிடுவார். அவர் கைக்கு எட்டுகிற மாதிரி ஆம்ப்பை முன்னால் நகர்த்தி வைத்தேன். முதல் தடவை அவரையே சொருகச் சொன்னேன். டிக் என்றது. அதுவரை நின்றுகொண்டே இருந்த மனிதர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். ருக்மணியக்காவிடம் இரண்டு ஒயரையும் தொட்டுக் காட்டிப் பாடம் சொன்னார்: "சீரியலுக்குக் கண்ணாடி ஒயரு, ஆனைக்குச் செம்பு ஒயரு. மாத்திப்போடாத அம்மணி."

இப்போதெல்லாம் மூன்றில் எந்த ஒயர் நல்லது என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.