வாத்தியாருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

இன்று ஓசூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பையன் கணக்கில் பட்டம் வாங்கியவன். ஃபேக்டரி இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

“ஏதாவது தனியார் ஸ்கூல்ல வாத்தியார் வேலைக்குப் போலாமேப்பா?” என்றேன்.

“அப்புறம் யாரு தாத்தா பொண்ணு குடுப்பாங்க?” என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபதுகளின் கடைசியில் நானும் ஜோசப்பும் ஒன்றாக ஆசிரியர் பயிற்சி முடித்தோம். நாட்றாம்பாளையம் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. அந்தப் பள்ளிக்கு அவன் ஒருவன்தான் வாத்தியார். வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகளுக்காக அவனும் கன்னடம் கற்றுக்கொண்டான்.

கிருஷ்ணகிரியில் அவனுக்குப் பெண் பார்க்க நானும் கூடப் போனேன். அவனுக்கு ஸ்டெல்லாவைப் பிடித்துவிட்டது. அவளுக்கும் அவனைப் பிடித்தது. மாங்காய் மண்டி வைத்திருந்த அவள் அப்பா வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

“தம்பி தங்கமான ஆளுதான். ஆனா வாத்தியாரு வேலைய நம்பி எப்படிங்க குடுக்கறது? பெங்களூர் ஃபேக்டரில சேந்துட்டு வாங்க, பேசலாம்.”

பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஜோசப், “அவரு சொன்னதுல என்னடா தப்பு?” என்றான்.

ஃபேக்டரியில் ஹெல்பராகச் சேர்ந்தான். கல்யாணமும் நடந்தது. இருவரும் நன்றாகவே வாழ்ந்தார்கள்.

அவன் விட்டுப்போன பள்ளிக்கு வேறு ஆள் வரவில்லை. ஒருநாள் போய்ப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. அவனிடம் படித்த பிள்ளைகள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். “எங்கள் வாத்தியார் எப்போது வருவார்?” என்று ஒரு சிறுமி கன்னடத்தில் கேட்டாள்.



உங்கள் பெண்ணுக்கு வாத்தியார் வரன் வந்தால் சம்மதிப்பீர்களா? வீட்டில் கேட்டுவிட்டே எழுதுங்கள்.