கடைசி வீட்டிலிருந்து தொடங்குகிறேன்

அட்டையில் நான் எழுதிய எண் 110/70. எழுதியபோது மணி பன்னிரண்டு இருக்கும். அந்த எண்ணை நான் அளக்கவில்லை.

இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். நான் கிராம சுகாதார செவிலியர். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு கிராமத்தில், பத்தொன்பது வருடமாக ஒரே சப்-சென்டரில் இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பெருமுக்கல் மலை தெரியும் தூரத்தில் இருக்கிறது, அது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இந்த வருடம் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்காக எழுதுகிறேன். நடந்து எட்டு மாதம் ஆகிறது. என் மனசு இன்னும் சரியாகவில்லை.

1. விழுப்புரத்தில் கொடுத்த மனு

அதற்கு முந்தைய நாள் திங்கட்கிழமை. விழுப்புரம் போய் இடமாறுதல் மனு கொடுத்துவிட்டு வந்தேன். ஏதாவது ஒரு அலுவலகத்தில் நாற்காலி வேலை கிடைத்தால் போதும் என்று எழுதியிருந்தேன். காரணம் என்ற இடத்தில் 'முழங்கால் வலி' என்று போட்டேன். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை.

மனுவை வாங்கிய கிளார்க் என்னைப் பல வருடமாகத் தெரிந்தவர். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு படித்தார்.

"என்னா மேடம், பத்தொம்போது வருஷம் இருந்துட்டீங்க. இப்ப என்னா, ஊரு போரடிச்சிடுச்சா?"

"முட்டி வலி சார்."

"முட்டி வலின்னு எழுதற எல்லாரும் மாடிப்படி ஏறித்தான் வந்து குடுக்கறீங்க" என்று சிரித்துக்கொண்டே சீல் போட்டார்.

அவர் சொன்னதுதான் சரி. ஊர் சலித்துப்போயிருந்தது. எந்தக் கதவைத் தட்டினால் யார் வருவார்கள், வந்ததும் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். யார் மாத்திரையை வாங்கி உத்தரத்தில் செருகிவிட்டுச் சாப்பிடாமல் விடுவார்கள் என்றும் தெரியும். என் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தத் தெருவில் நடப்பேன் என்று மற்ற நர்ஸுகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

2. செவ்வாய்க்கிழமை

என் மகள் திவ்யாவுக்கு அப்போது ஆறாம் மாதம். ஓசூரில் வேலை. தினமும் காலையில் நான் பஸ் ஏறுவதற்குள் வீடியோ கால் போட்டுவிடுவேன்.

"காலைக் காட்டுடி."

"அம்மா, ஆபீசுக்கு லேட்டாவுது. நேத்து பாத்த அதே காலுதான்."

"நேத்து கால நேத்து பாத்துட்டேன். இன்னிக்கு கால காட்டு."

அலுத்துக்கொண்டே செல்போனைக் கீழே இறக்குவாள். கணுக்கால் எலும்பு தெரிகிறதா என்று பார்ப்பேன். விரலால் அழுத்தச் சொல்வேன். குழி விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அன்றைக்கும் பார்த்தேன். திருப்தியாக பஸ் ஏறினேன்.

என் ஃபீல்டு வரிசை எப்போதும் ஒன்றுதான். பஸ் நிற்கிற இடத்தில் பெரிய தெரு ஆரம்பிக்கும். அங்கிருந்து வீடு வீடாகப் போய், ஏரிக்கரையைத் தாண்டி, காலனியின் கடைசி வீட்டில் முடிப்பேன். அங்கே போகும்போது மணி பன்னிரண்டு ஆகிவிடும். கால் கெஞ்சும். பன்னிரண்டே கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது இரண்டரைக்குத்தான்.

அந்தக் கடைசி வீடு சுகந்தியுடையது. இருபத்து நான்கு வயது, முதல் பிரசவம், எட்டாம் மாதம். கணவன் சென்னையில் கட்டட வேலை. மாமியார் குப்பம்மாள் கூலிக்குப் போகிறவர். அன்றைக்கு மாமியாரும் மருமகளும் வாசலில் உட்கார்ந்து விதைக்காக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் நல்லாருக்காம்மா?" என்றேன்.

"நல்லாருக்குக்கா."

பி.பி. மிஷினை எடுத்தேன். பேட்டரி வீக். பையின் பக்க ஜிப்பில் புது பேட்டரி இருந்தது. ஜிப்பைத் திறக்கவில்லை. போன வாரம் 110/70. அதற்கு முந்தின வாரமும் 110/70. நல்ல பெண், ஒரு தொந்தரவும் இல்லாத கேஸ். அதே எண்ணை எழுதினேன்.

"ஒரு வாய் டீத்தண்ணி குடிச்சிட்டுப் போ நர்சம்மா" என்றார் குப்பம்மாள்.

"பஸ்ஸு வந்துடும்மா" என்று ஓடினேன்.

3. முன் சீட்டுப் பெண்

பஸ்ஸில் இடம் கிடைத்தது. முன் சீட்டில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் கையைத் தூக்கிக் கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சரிந்து விழுந்தன. அந்தச் சத்தம் எனக்குள் எதையோ இடித்தது. என்ன என்று உடனே தெரியவில்லை. அவள் கையை இறக்கியதும் வளையல்கள் மறுபடி சலசலத்தன.

சுகந்திக்குப் போன மாதம்தான் வளைகாப்பு. இரண்டு கையிலும் டஜன் டஜனாக வளையல். மல்லாட்டை உரிக்கிறவள் கை ஓயாமல் ஆடும். மல்லாட்டை உடைகிற சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்கவே இல்லை.

கை வீங்கி இறுகிப்போனால்தான் வளையல் சத்தம் போடாது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். கண்டக்டர், "திண்டிவனம் டிக்கெட்டு வாங்கிட்டு இங்க ஏம்மா எறங்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே விசில் கொடுத்தார். மூன்று கிலோமீட்டர் திரும்ப வேண்டும். பால் கேன் கட்டிய மொபெட்டில் ஒருவர் வந்தார். கையைக் காட்டினேன்.

"என்னா நர்சம்மா, ஊர வுட்டுப் போவ மனசில்லியா?"

"ஜல்தியா போப்பா. பேசாத."

பால் கேன் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

சுகந்தி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். புது பேட்டரியைப் போட்டு அளந்தேன். 160/110. ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி அளந்தேன். அதேதான்.

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா வலிக்குதுக்கா. வெயில்ல வலிக்குதுன்னு நெனச்சேன். கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குது."

புதிய தங்கைகளுக்கு இதன் அர்த்தம் பாடத்தில் வந்திருக்கும். எந்த நிமிடமும் ஃபிட்ஸ் வரலாம். வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். 108-க்குப் போன் செய்தேன்.

4. உடைத்த வளையல்கள்

ஆம்புலன்ஸில் ஊசி போடக் கையில் நரம்பு பிடிக்க வேண்டும். முன்கையில் இடமே இல்லை. வளையல்கள் சதைக்குள் பதிந்திருந்தன. சோப்பு போட்டுப் பார்த்தோம். ஒன்றுகூட அசையவில்லை. உடைக்க வேண்டும் என்றேன்.

"புள்ளத்தாச்சி கை வளையல ஒடைக்காத நர்சம்மா" என்று குப்பம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊர்ப் பொம்பளைங்கள்லாம் வந்து போட்டது."

சுகந்திதான் சொன்னாள். "வுடு அத்த. கையே வலிக்குது. பத்து நாளா இது சுத்தவே மாட்டேங்குது."

பத்து நாள். இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போய் வந்திருக்கிறேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க வளையலப் பத்திக் கேக்கலியேக்கா. நல்லாருக்கான்னு கேட்டீங்க. நல்லாருக்குன்னு சொன்னேன்."

வளையலுக்கு அடியில் பஞ்சைத் திணித்து, ஃபோர்செப்ஸால் ஒவ்வொன்றாக நெரித்தேன். பச்சை, சிவப்பு. துண்டுகளைக் குப்பம்மாள் முந்தானையில் வாங்கிக்கொண்டார். ஒன்றைக்கூடக் கீழே விழ விடவில்லை.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு 110/70. பன்னெண்டே முக்காலுக்கு 160/110. சிஸ்டர், இது எனக்குத் தெரியணும். ஒரு மணி நேரத்துல ஏறுனதா, பல நாளா இருக்கறதா?"

பேட்டரியைக் காரணம் சொல்லியிருக்கலாம். அது முக்கால் உண்மையாகக்கூட இருந்திருக்கும். குப்பம்மாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"பன்னெண்டு மணிக்கு நான் அளக்கல மேடம். பழைய ரீடிங்க எழுதிட்டேன். கை பத்து நாளா வீங்கியிருக்கு."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அதற்கு அவருக்கு நேரம் இல்லை. "அதை அடிச்சிட்டு, அளக்கலன்னு எழுதி கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எழுதினேன். 'அளக்காமல் எழுதியது.' அந்த இரண்டு வார்த்தையை எழுதியபோது திவ்யாவின் கணுக்கால்தான் ஞாபகம் வந்தது. என் மகளிடம் ஒரு நாள் பழைய காலை நான் ஒத்துக்கொள்ளவில்லை. குப்பம்மாளின் மருமகளுக்கு ஒரு வாரப் பழைய எண்ணே போதும் என்று நினைத்திருக்கிறேன்.

ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு விழுப்புரம் அனுப்பினார்கள். கூடவே போனேன். மாலை ஆறு மணிக்கு ஆபரேஷன். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் மூன்று வாரம் இருந்தது. ஃபிட்ஸ் வரவில்லை. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

எனக்கு மெமோ வந்தது. வர வேண்டியதுதான். பதில் எழுதிக் கொடுத்தேன்.

5. வரிசை

மெமோவுக்குப் பதில் எழுத, பழைய ரெஜிஸ்டர்களை எடுத்து உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பெரிய தெரு வீடுகளுக்கு நான் நான்கு வரி, ஐந்து வரி எழுதியிருக்கிறேன். 'இரும்புச் சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடச் சொன்னேன்' என்கிற மாதிரி. போகப் போக வரி குறைகிறது. காலனி வீடுகளுக்கு ஒரே வார்த்தைதான்: 'நலம்'. எல்லா வருடத்திலும் அப்படியே இருக்கிறது.

யாரையும் தள்ளி வைக்க நினைத்து நான் அந்த வரிசையைப் போடவில்லை. பஸ் நிற்கிற இடம் போட்ட வரிசை அது. ஆனால் பஸ் ஏன் அந்த முனையில் நிற்கிறது, காலனி ஏன் இந்த முனையில் இருக்கிறது என்று பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. என் நல்ல கண்ணும் நல்ல காதும் பெரிய தெருவிலேயே செலவாகிவிட்டன. கடைசி வீட்டுக்குப் போனது என் களைப்பு மட்டும்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, யார் வீட்டிலும் நிற்காமல், நேராகக் காலனியின் கடைசிக்கு நடந்தேன். அங்கிருந்து திரும்பி வீடு வீடாக வந்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. போன வாரம் எழுதாத வரியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு நானே வைத்த சட்டம்.

முதல் நாள் எழுதுவதற்கு ஒன்றுமே இல்லாதது போல் இருந்தது. ஒரு வீட்டு வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னா நர்சம்மா, இப்பிடிப் பாக்கறீங்க? வூட்ட வாங்கப் போறீங்களா?"

"வெல சொன்னா வாங்கறேன்" என்றேன். அவள் சிரித்தபோது இருமினாள். எத்தனை நாளாக இருமுகிறாய் என்று கேட்டேன். ஒரு மாதமாக என்றாள். ஒரு வரி கிடைத்தது. சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. எந்த வீட்டில் பால் போதாமல் கொடியில் கைக்குழந்தைத் துணி குறைந்திருக்கிறது, எந்த வீட்டில் கேப்பைக் கூழ் பானை காலையிலேயே காலி என்று பார்த்தேன். நான் வருவதைப் பார்த்தால் மட்டும் கிழவர் ஒருவர் புகையிலையைத் துண்டுக்குள் ஒளிப்பார், அதையும் எழுதினேன். கடைசி வீட்டிலிருந்து திரும்பி நடக்கும்போது பெருமுக்கல் மலை எனக்கு நேர் எதிரே நிற்கும். பத்தொன்பது வருடமாக அது என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. பஸ்ஸுக்குத் திரும்பி ஓடிய நாட்களில் நான் மலையையா பார்த்தேன், மணியைத்தான் பார்த்தேன். இப்போது மழை முடிந்த நாட்களில் பாறைகளுக்கு நடுவே பச்சை ஏறுவது தெரிகிறது. அதையும் நோட்டில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து விழுப்புரத்திலிருந்து கிளார்க் போன் செய்தார். இடம் காலியாக இருக்கிறது, வந்து ஒத்துக்கொள்ளுங்கள் என்றார். நேரில் போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"முட்டி வலி?"

"அது அப்பிடியேதான் இருக்குது சார்."

சுகந்தி குழந்தையோடு வீட்டுக்கு வந்த பிறகு, முதல் முறை அங்கே போகவே எனக்குப் பயமாக இருந்தது. குப்பம்மாள் வாசலில் இருந்தார்.

"அளக்காம போனவளும் நீதான். திரும்பி ஓடியாந்தவளும் நீதான். நான் எதப் புடிச்சிக்கறது, சொல்லு."

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. எழுந்து உள்ளே போய், ஒரு டம்ளர் டீத்தண்ணி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். குடித்தேன். பன்னிரண்டே கால் பஸ் போய்விட்டது.

தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். புது பேட்டரியை ஜிப்புக்குள் வைக்காதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். நல்லாருக்கியா என்று கேட்காதீர்கள். வளையல் சுற்றுகிறதா, மோதிரம் கழல்கிறதா, செருப்பு இறுக்கிப் பிடிக்கிறதா என்று கேளுங்கள். நடக்கிற வரிசையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். வேலை சலித்தால் ஊரை மாற்றுவதற்கு முன்னால் அதைச் செய்து பாருங்கள்.

திவ்யாவுக்குப் பையன் பிறந்துவிட்டான். இரண்டு பேரும் இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள். நடந்ததை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது சொல்லப் பயம், பிறகு சொல்ல வெட்கம். இதை அவள் படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும். தினமும் காலையில் நான் பையைத் தூக்கும்போது, "எங்கம்மா கெளம்பிட்ட இவ்ளோ சீக்கிரம்?" என்று கேட்கிறாள்.

கடைசி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.